மிளகுச் சல்லடையில் அரித்த எஞ்சின்

சிகாபுதீன் எனக்கு இருநூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. 1958-இல், சீமைக்குத் திரும்பிய ஒரு தேயிலைத் துரையின் பழைய காரை வாங்க என்னிடம் கைமாற்று கேட்டான். கொடுத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான்; மட்டாஞ்சேரி துறைமுகக் கிடங்குகளில் மூட்டை சுமந்தே அன்றைக்குச் சொந்த லாரி வைத்திருந்தேன். பேச்சு ஒன்றுதான்: அடுத்த பக்ரீதுக்குள் முழுப் பணமும் வராவிட்டால் கார் எனக்கு.

அவன் மிளகுக் கிடங்கில் தரம் பிரிக்கிறவன். சல்லடையைப் பிடித்து ஒரு அரி அரித்தால் பெருமணி, சிறுமணி, பொடி என்று தனித்தனியாக விழும். காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆசை மட்டும் மலையளவு. வாங்கிய வாரமே கார் புகை தள்ளியது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்கக் காசில்லை. முற்றத்தில் பாயை விரித்து, எஞ்சினை மொத்தமாகக் கழற்றிப் போட்டான்.

எது எங்கே இருந்தது என்று குறித்து வைத்தானா? இல்லை. எல்லா நட்டையும் போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, சல்லடையில் அரித்து, அளவுவாரியாகக் கூடைகளில் போட்டு வைத்திருந்தான்!

“என்னடா இது?” என்றேன்.

“கிரேடு பண்ணியிருக்கேன் அண்ணே. ஒரு பொட்டு அழுக்கு காட்டுங்கோ, பார்ப்போம்.”

“சரி, இந்தப் பெரிசு எந்த ஓட்டைக்கு?”

போல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூடையிலேயே போட்டான். உள்ளேயிருந்து அவன் மனைவி நசீபா குரல் கொடுத்தாள். “அதையே தான் அண்ணே நானும் கேட்டேன். மிளகு திரும்பக் கொடிக்குப் போகாது. எஞ்சினுக்குப் போகணுமே, அது இவருக்குத் தோணலை.”

தெருவே சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அந்தக் காரில் பிராட்வே கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவதாக என் வீட்டுக்காரியிடம் சொல்லியும் வைத்துவிட்டேன்.

அவன் விடவில்லை. வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் போட்டுப் பார்த்தான். முதல் தடவை பூட்டி முடித்தபோது ஏழு மிஞ்சியது. கழற்றினான். அடுத்த தடவை மூன்று. அதற்கடுத்து ஒன்று குறைந்தது; அது நசீபாவின் அரிசிப் பானையில் கிடைத்தது. ஆறாம் மாதம் கார் உறுமியது. அதற்குள் எந்த போல்ட்டையும் விரலால் தடவியே அதன் இடத்தைச் சொல்வான். அக்கம்பக்கத்துக் கார்க்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். ஐந்தும் பத்துமாகச் சேர்த்தான். ஆனாலும் பக்ரீதுக்கு முந்திய நாள் அவனிடம் நூற்றி நாற்பதுதான் இருந்தது. விசாரித்து வைத்திருந்தேன்.

அன்றைக்குப் பார்த்து என் லாரி தோப்பும்படி பாலத்தடியில், மழையில், மிளகு மூட்டைகளோடு நின்றுவிட்டது. நாலு மணிக்குள் சரக்கு கப்பலடிக்குப் போயாக வேண்டும். முந்தின நாள்தான் வண்டியை ரிப்பேர் பார்த்த ராசப்பன் வந்து எட்டிப் பார்த்தான். “சேட்டா, ரெண்டு திவசம் பிடிக்கும்” என்று இரண்டு நாள் கெடு சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வேறு வழியில்லாமல் டிரைவர் முப்பிடாதியை அனுப்பி சிகாபுதீனை வரவழைத்தேன். எஞ்சினுக்குள் கையை விட்டு, பெட்ரோல் பம்பைத் தடவினான்.

“இது இங்கத்த போல்ட் இல்லை அண்ணே. நீளம் கூடுதல். அடியில முட்டி நிக்குது, பம்ப் இறுகலை. பிறகு எப்படி பெட்ரோல் ஏறும்?”

தலைக்கடியில் இரண்டு வாஷர் கொடுத்து முறுக்கினான். லாரி பிடித்துக்கொண்டது.

“எவ்வளவுடா?”

“அறுபது.”

“அறுபதா! ராசப்பனே இருபதுதான் வாங்குவான்.”

“அவரையே கூப்பிடுங்கோ. ரெண்டு திவசம் கப்பல் நிக்கும்னா.”

“சரி, கடன்ல கழிச்சுக்கிறேன்.”

“அது வேண்டாம். கடன் வாங்கினது நான், நானே கொடுப்பேன். கூலி கையில வரணும்.”

முப்பிடாதி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். நான் அறுபதை எடுத்துக் கொடுத்தேன். சிகாபுதீன் மடியிலிருந்த கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தான்.

“கையை நீட்டுங்கோ அண்ணே.”

நீட்டினேன். ஒவ்வொரு நோட்டாக எண்ணி என் உள்ளங்கையில் வைத்தான். நூற்றி நாற்பது வரை அவனுடையது. மிச்சம் அறுபதும், இன்னும் என் மடிச்சூடு ஆறாத நோட்டுகள்.