ரப்பர் பாலில் கோடு போட்ட ஜெபா

ஜெபா போயிட்டா.

காலையில அவ தம்பி போன் பண்ணினான். நாலு நாளா காய்ச்சல், நேத்து ஆஸ்பத்திரியில சேத்தோம், விடியும்போது முடிஞ்சிட்டுக்கா... அவ்வளவுதான் சொன்னான்.

முப்பத்திமூணு வயசு.

என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கிற பல பேருக்கு அவளைத் தெரியாது. அவ ஃபேஸ்புக்லயே கிடையாது. அதான் நான் எழுதுறேன்.

நாகர்கோவில்ல ஒரு சின்ன ஓவியப் பள்ளியில ரெண்டு பேரும் ஒண்ணா டிப்ளமோ சேர்ந்தோம். நான் கோட்டாறு, நடந்தே போயிடுவேன். அவ கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட். விடியக்காலம் தோட்டத்துல மரத்தைக் கீறி ரப்பர் பால் வெட்டிட்டு, குளிச்சு, எஸ்டேட் பஸ் பிடிச்சு பத்து மணிக்கு கிளாஸுக்கு வந்துடுவா.

எவ்வளவு குளிச்சாலும் புளிச்ச ரப்பர் பால் வாடை லேசா இருக்கும். முதல் வாரமே நான் அவ பக்கத்துல இருந்து எழுந்து ஜன்னல் ஓரமா மாறி உக்காந்துட்டேன்.

இதை எழுத வெக்கமாத்தான் இருக்கு. மறுநாள் அவளே தன் போர்டைத் தூக்கிட்டுக் கடைசி மூலைக்குப் போயிட்டா.

அந்த மூலையில உக்காந்து அவ போட்ட பென்சில் டிராயிங்கைப் பாக்கத்தான் நான் திரும்ப அவ பக்கம் போனேன். அவ அம்மாவோட கை. விரல் மடிப்புல இருக்கிற கறை வரைக்கும் தெரியும். எங்க கிளாஸ்ல யாருக்கும் அப்படி ஒரு கோடு வராது.

ஆனா அக்ரிலிக் வந்ததும் திணறிட்டா. எங்க எல்லாருக்குமே அது புதுசு. தடவி முடிக்கிறதுக்குள்ள காஞ்சிடும். அவ கோடெல்லாம் பெயிண்டுக்கு அடியில காணாமப் போயிடும்.

"பென்சில்ல இருக்கும்போது உயிரா இருக்குட்டி. பெயிண்ட் போட்டா செத்துப் போவுது. எனக்க கோட்ட நான் விடமாட்டேன்"ன்னு சொன்னா.

ஒரு நாள் சின்ன பாட்டில்ல ரப்பர் பால் கொண்டுவந்தா. "எஸ்டேட் பால் இல்ல கேட்டியா, வீட்டுக்குப் பின்னால அப்பாவுக்க மரம் நாலு நிக்கி, அதுல உள்ளது."

யோசனை இதுதான். முதல்ல வெளிர் மஞ்சள் அடிக்கணும். காஞ்சதும் அதுமேல ரப்பர் பாலால கோடு வரையணும். அதுக்கும் மேல கரும்பச்சை. எல்லாம் காஞ்ச பிறகு ரப்பரை உரிச்சு எடுத்தா, அது இருந்த இடத்துல மட்டும் மஞ்சள் கோடு தெரியும்.

சொல்ல ஈஸி. முதல் நாளே என் நல்ல பிரஷ் ஒண்ணு அந்தப் பால்ல ஒட்டி வீணாப்போச்சு. நான் திட்டினேன். அன்னையில இருந்து தென்னை ஈர்க்கில் குச்சியை நுனி சீவி அதுல வரைஞ்சா. பிரஷ்ல வராத மெல்லிசு கோடு அதுல வந்தது!

அப்புறம் உரிக்கும்போது பேப்பரும் சேர்ந்து கிழிஞ்சது. ஒண்ணு ரெண்டு இல்ல... மூணு மாசம் கிழிஞ்சது. பேப்பரை விட்டுட்டு போர்டுக்கு மாறினா. மேல பூசுற பெயிண்டைத் தண்ணியா ஆக்கினா. ஒவ்வொரு தடவையும் நோட்டுல எழுதுவா. எத்தனை நேரம் காய விட்டா, அன்னைக்கு மழையா வெயிலா, எந்த இடத்துல பிய்ஞ்சது.

கடைசியில பெருவிரலால பய்யத் தேய்ச்சு உரிச்சா... முழுசா வந்தது. நாங்க எல்லாரும் வேலையை விட்டுட்டு அவ பின்னால நின்னோம்.

வருஷக் கடைசியில எங்க படங்களுக்கு மதிப்பெண் போட வெளியில இருந்து ஒருத்தர் வந்தார். ஜெபா ஆறடி அகலத்துல ரப்பர் தோட்டம் வரைஞ்சிருந்தா. இருட்டான மரங்கள், ஒவ்வொண்ணுலயும் வெட்டுத் தடம் மட்டும் சரிவா மின்னும்.

அவர் படத்துக்குப் பக்கத்துல வந்து பாத்துட்டு, "இது கையில வரைஞ்சது இல்லம்மா, அச்சு மாதிரி இருக்கு. இதுக்கு மார்க் போட முடியாது"ன்னு சொன்னார்.

எனக்குக் கண்ணு நிறைஞ்சிட்டு. அவளுக்கு இல்ல.

"ஒரு மணிக்கூறு இருப்பியளா சார்?"

பையில இருந்து பாட்டிலை எடுத்தா. ஏற்கெனவே மஞ்சள் அடிச்சு வெச்சிருந்த ஒரு சின்ன போர்டை எடுத்தா. அவர் முன்னாலயே ஈர்க்கிலைத் தொட்டுத் தொட்டு ஒரு மரம் வரைஞ்சா. ஃபேனுக்கு அடியில வெச்சா. அவர் மத்தவங்க படத்தை எல்லாம் பாத்துட்டுத் திரும்பி வந்தப்போ மேல பூசின பச்சையும் காஞ்சிருந்தது.

உரிச்சா. மரம் வந்தது.

அவர் உரிச்செடுத்த அந்தத் துண்டைக் கையில வாங்கி இழுத்துப் பாத்தார். "இதை யாரு சொல்லித் தந்தது?"

"யாரும் இல்ல சார். கொறேய, மூணு மாசம் கிழிஞ்சிது, பெறவு வந்துட்டு."

அந்த வருஷம் அவதான் முதல் மார்க்.

அன்னைக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டுல வெச்சு, முதல் வாரம் இடம் மாறினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். சிரிச்சா. "சவத்த விடுட்டி. எனக்கே அந்த நாத்தம் பிடிக்காது. எனக்கு முடிஞ்சா நானும் மாறி இருந்திருப்பேன்."

படிப்பு முடிஞ்சும் அவ பால் வெட்டை விடல, படத்தையும் விடல. ரெண்டுல எதையாவது ஒண்ணை விடுன்னு எத்தனையோ பேர் சொன்னோம்... கேக்கல.

போன வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா.

"ஏட்டி நிஷா, இப்பம் ரப்பர் ஷீட்டு மேலயே அக்ரிலிக் போட்டுப் பாக்கேன். இழுத்தா பெயிண்ட் வெடிக்கி. ஆனா அந்த வெடிப்பு பாக்க என்ன அழகு தெரியுமா. எங்க வெடிக்கணும்னு நான் சொல்லி அது கேக்கணும், அதுதான் இன்னும் வரல. ஞாயிற்றுக்கிழமை வா, காட்டுதேன்."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருந்தது. அடுத்த வாரம் வாரேன்னு சொன்னேன்.

நாளைக்குக் காலையில அடக்கம். போறேன்.

வாரேன்ட்டி ஜெபா. காட்ட நீ இல்ல... அந்த வெடிப்பை நானே பாத்துக்கிடுதேன்.