ஆயாம்மாவின் சூரியகாந்தி பட்டர்

அந்தப் புதன்கிழமை காலை ஏழு இருபதுக்கு ஆயாம்மா என் கையில் வைத்த சூரியகாந்தி பட்டர் நிரம்பிய கண்ணாடிப் போத்தல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மலேசியாவில் லிங்கி ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் பாலர் பள்ளிச் சமையலைப் பார்த்துக்கொண்டவர் அவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். நான் தோட்ட அலுவலகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. இன்று சிரம்பான் கடைகளில் இந்தப் பட்டர் கிடைக்கிறது. வேலைக்குப் போகும் என் மகளே வாங்கி வருகிறாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. நிலக்கடலை, எங்கள் பேச்சில் கச்சான், பட்டால் உதடு வீங்கி மூச்சு இழுக்கும். புதன்கிழமைகளில் மற்றப் பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்து ரொட்டியில் கச்சான் பட்டர் தடவித் தின்பார்கள். இவள் வாசலோர நாற்காலியில் தனியாக பிஸ்கட் தின்பாள். எனக்கு அது பழகிவிட்டிருந்தது. ஆயாம்மாவுக்குப் பழகவில்லை.

"புள்ள அங்கேருந்து பாத்துக்கிட்டே இருக்கு கிராணியம்மா. எனக்கு டீகூட எறங்கல லா," என்பார்.

சூரியகாந்தி விதை ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததை ஒருநாள் அவரிடம் சொன்னேன். மூன்று மாலை உட்கார்ந்து ஒரு கிலோ விதையை நகத்தால் கீறி உரித்திருக்கிறார். இளந்தீயில் வறுத்து, சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், மிக்சி சூடேறும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி அரைத்திருக்கிறார். முதலில் மாவு, பிறகு உருண்டை, கடைசியில்தான் எண்ணெய் விட்டு இளகியதாம். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே என் வழக்கப்படி ஒவ்வொன்றாகக் கேட்டேன்: எந்தக் கடை, எந்தச் சட்டி, எந்த ஜார்.

"நம்ம வீட்டு ஜாருதான். தோசைக்குச் சட்னி..." பேச்சு அப்படியே நின்றது. முந்தின நாள் அதில் அரைத்தது கச்சான் சட்னி.

"நல்லாத்தான் கழுவுனேன்," என்று முணுமுணுத்தார். அவரே போத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மகள் அன்றும் நாற்காலியில்தான் அமர்ந்தாள்.

சனிக்கிழமை இன்னொரு கிலோ விதையோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உங்க வீட்டு ஜாரு, உங்க வீட்டுச் சட்டி. நான் கைய மட்டுந்தான் கொண்டாந்திருக்கேன். அதுக்கும் ரெண்டு தடவ சோப்பு போட்டாச்சு!"

இருவரும் உரித்தோம். அவர் நகக்கண் ஏற்கெனவே சிவந்திருந்தது.

அடுத்த புதன்கிழமை கச்சான் பட்டர் டின் அலமாரியில் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் எங்கள் போத்தல்தான். வேலைக்கு அரை மணி தாமதமாகும் என்று சொல்லிவிட்டு நானும் போயிருந்தேன். மகள் பாயில், நடுவில் இருந்தாள். பக்கத்துப் பையன் அவள் ரொட்டியைப் பிடுங்கி ஒரு கடி கடித்தான். அவள் விடவில்லை, அவனுடையதைப் பிடுங்கி வாயில் வைத்தாள். நான் பதறி எழுந்தேன்.

ஆயாம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "விடுங்க கிராணியம்மா. எல்லாம் ஒரே ரொட்டிதான்."