சாக்கைத் தொடக் கூடாது

அந்த மானியத்தை நான் முதலிலிருந்தே நம்பவில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டுமாம். கற்கும்போதே அவர்களுக்குச் சம்பளமும் கிடைக்குமாம். பாதியை அரசு தரும், மீதியை வேலை கொடுப்பவர் தர வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல விஷயம் இருக்க முடியாது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. மட்டாஞ்சேரி பஜாரில் பிறந்து வளர்ந்தவள் நான். கேட்காமலே யாராவது நல்லது செய்ய வந்தால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும்.

ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் நான் தற்காலிக ஆசிரியை. சரக்குக் கிடங்கு, ஏற்றுமதி பற்றிய பாடம் நடத்துகிறேன். அதற்கு முன்னால் பல வருடம் ஒரு மசாலாக் கம்பெனியில் ஏற்றுமதிக் காகித வேலை பார்த்தவள். மானிய விண்ணப்பத்தை எழுதும் வேலையைப் பிரின்சிபல் என் தலையில் கட்டினார்.

"பஜார்ல டீச்சருக்கு எல்லாரையும் அறியுமல்லோ. ஒரு நல்ல முதலாளியைப் பிடிச்சு, சம்மதக் கடிதம் வாங்கி, போர்ட்டல்ல ஏத்திக்கோ."

நிரந்தர ஆசிரியர்கள் யாரும் இதைத் தொடவில்லை. கிடைத்தால் கல்லூரிக்குப் பெயர், கிடைக்காவிட்டால் எனக்குப் பெயர். இது எனக்குப் புரியாமல் இல்லை. முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் அவர் அறைக்குள் போனேன். ஆனால் சொல்லவில்லை. காரணம், என் வகுப்பில் இருந்த ஒரு பெண்.

தமிழ்ப் பெண். அவள் அப்பா கட்டட வேலைக்காக இங்கே வந்தவர், இப்போது உயிரோடு இல்லை. அம்மா தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்கிறாள். இந்தப் பெண்ணும் விடிவதற்கு முன்னால் அங்கே போய், ஐஸ் தண்ணீரில் கை வைத்து இறால் உரித்துவிட்டு, அப்படியே கல்லூரிக்கு வருவாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துப் பிளந்திருக்கும். முதல் பீரியடில் தூங்குவாள். இறால் வாடை வருகிறது என்று பக்கத்தில் உட்கார ஒருத்தியும் வரமாட்டாள். இவளும் கடைசி பெஞ்சிலேயே ஒதுங்கிவிட்டாள். ஆனால் ஒரு கைப்பிடி மிளகைக் கொடுத்தால் எது காய்ந்தது, எது காயாதது என்று தடவியே சொல்லிவிடுவாள்.

அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்து ஒரு தடவை நேராகவே சொல்லிவிட்டாள். "டீச்சர், இந்தப் பரீச்சையோட இவ படிப்பை நிறுத்திடறேன். முழு நாளும் ஷெட்டுக்கு வந்தா ரெண்டு பேசின் இறால் உரிப்பா. படிச்சு என்ன கிடைக்கும்னு நீங்களே சொல்லுங்க."

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. சம்பளத்தோடு பயிற்சி தரும் மானியம் ஒன்றுக்கு எழுதுகிறோம் என்று மட்டும் சொன்னேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். கூட வந்திருந்த மகள்தான் கேட்டாள்.

"காசு நெசமா வருமா டீச்சரே? இல்ல, சர்ட்டிபிகேட் மட்டுமா?"

"பார்ப்போம்" என்றேன். நான் மற்றவர்களிடம் வெறுக்கும் பதில் அது.

பஜாரில் பெரிய கிடங்கு வைத்திருக்கும் ஒரு மசாலா வியாபாரியிடம் போனேன். மிளகு, சுக்கு, ஏலம். பழைய பழக்கம் உண்டு. அவர் கால் ரூபாய்க்குக் கூட ரசீது கேட்கிறவர். இந்த விஷயத்தைச் சொன்னதும் உடனே தலையாட்டினார். சாயா வரவழைத்தார். வாழைக்காய் வறுவலும் வந்தது. நான் வறுவலைத் தொடவில்லை.

"நம்முடெ குட்டிகளல்லோ டீச்சரே. இருபது பேரை அனுப்பு."

"இருபது பேருக்கா? உங்க கிடங்கில கணக்குப் பிள்ளையே ரெண்டு பேர்தானே இருக்காங்க?"

"படிக்கட்டும். பையன்கள் மட்டும் மதி, கேட்டோ. நல்ல ஆரோக்கியமுள்ள பையன்கள். காலையில லாரி வர்ற நேரத்துக்கு வரணும்." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "கவர்மென்ட் முத்திரை போட்ட அட்டை கிடைக்குமோ? கழுத்துல தொங்கவிடற மாதிரி?"

கிளம்பும்போது கிடங்கின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். சுவரோரமாகப் புத்தம் புதிய இரும்புத் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு இது புரியாது. இங்கே லாரியிலிருந்து சரக்கு இறக்கும் உரிமை அந்தந்தப் பகுதிச் சுமைத் தொழிலாளர் சங்கத்துக்குத்தான். நீலச் சட்டை போட்டிருப்பார்கள், கையில் அட்டை இருக்கும். உங்கள் சரக்கை நீங்களே இறக்கினாலும் பக்கத்தில் நின்று பார்த்ததற்குக் கூலி கேட்பார்கள். அதற்கு நோக்குகூலி என்று பெயர். சட்டப்படி அது கூடாது. ஆனால் எங்கள் தெருவுக்குள் வரும்போது சட்டம் சாயா குடிக்கப் போய்விடும். நாங்கள் வீடு மாறியபோது நானும் என் தம்பியும் இரும்பு பீரோவை மாடியிலிருந்து இறக்கினோம். மூன்று பேர் நிழலில் நின்று பார்த்தார்கள். "இடது பக்கம் சாய்ச்சுப் பிடி" என்று யோசனையும் சொன்னார்கள். பிறகு காசு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வியாபாரிக்கும் சங்கத்துக்கும் இறக்குகூலி விஷயத்தில் தகராறு. அவருடைய சுக்கு லாரி ஒன்று இறக்க ஆளில்லாமல் மழையில் நின்ற கதை பஜார் முழுக்கத் தெரியும். நடந்து வரும்போதே எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. கழுத்தில் அரசு முத்திரை, கையில் தள்ளுவண்டி, 'பயிற்சி' என்று ஒரு பெயர். சங்கத்துக்காரர்கள் அரசு அட்டையைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிவிடுவார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். அவர்கள் பயப்பட மாட்டார்கள். கிடங்கு வாசலில் அடிதடி நடக்கும். அடி வாங்கப் போவது என் பிள்ளைகள். மானியமும் போகும், அந்தப் பெண் ஷெட்டுக்கே போவாள். அதோடு, பையன்கள் மட்டும் போதும் என்றால் அவளுக்கு முதலிலேயே இடமில்லை.

பிரின்சிபலிடம் சொன்னேன். அவருக்கு விண்ணப்பத்தின் கடைசித் தேதி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"டீச்சருக்கு எல்லாரும் கள்ளன்மார்."

"எல்லாரும் இல்ல சார். சில பேர்தான்."

"அதுல நானும் உண்டோ?"

"சார் விஷயம் இன்னும் முடிவாகல."

அவர் சிரிக்கவில்லை. இருபது பேர் என்று போட்டால்தான் விண்ணப்பம் கனமாக இருக்கும், அதைக் குறைக்காதே என்றார். பிள்ளைகளின் சம்பளம் கல்லூரிக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும் என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "ஒரு ஒழுங்குக்கு" என்றார். அந்த வரியை நான் சேர்க்கவில்லை.

மறுநாள் நான் செய்ததை நினைத்தால் எனக்கே இன்னும் வியப்பாக இருக்கிறது. படகுத் துறைப் பக்கம் இருக்கும் சங்கக் கொட்டகைக்குப் போனேன். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டேன். நாலைந்து நீலச் சட்டைகள் கேரம் ஆடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் ஆட்டம் நின்றது. கன்வீனர் தோளில் துண்டு போட்ட பெரிய உருவம். பீரோ இறக்கிய அன்று யோசனை சொன்னவரே அவர்தான். அவருக்கு ஞாபகமில்லை. எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். மாணவர்கள் பயிற்சிக்கு வருவார்கள், ஆனால் ஒரு சாக்கைக்கூடத் தூக்கவோ, தள்ளவோ, இழுக்கவோ மாட்டார்கள், அதை நீங்கள் எழுதிச் சீல் வைத்துத் தர வேண்டும் என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "டீச்சரை முதலாளி அனுப்பினதா?"

"இல்ல."

"பின்னே? பஜார்ல எல்லாரும் எங்ககிட்ட வந்து, தூக்கவிடு, தூக்கவிடுன்னுதான் கெஞ்சுவாங்க. தூக்கவிடாதேன்னு எழுதி வாங்க வந்த முதல் ஆள் நீங்கதான். இதுல எங்கேயோ ஒரு குழி இருக்கு."

"எனக்கும் உங்க மேல நம்பிக்கை இல்ல சேட்டா. அதனாலதான் எழுத்துல கேக்கறேன்."

கேரம் ஆடியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். கன்வீனர் அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்தத் தள்ளுவண்டி வாங்கி வெச்சிருக்கறது இதுக்குத்தானா?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"எழுதித் தர்றேன். ஆனா எழுத்து மட்டும் போதாது. நம்ம ஆள் ஒருத்தர் லாரி வர்ற நேரம் வாசல்ல நிப்பார். எந்தக் குட்டியாவது லாரிச் சாக்குல கை வெச்சா வேலை நிக்கும்."

"நின்னு பார்க்கறதுக்குக் கூலி?"

அவர் காதுவரை சிவந்துவிட்டார். கோபமா வெட்கமா தெரியவில்லை.

"இதுக்கு வேண்டாம்" என்றார். "சாயா வேணுமா?"

சாயா குடித்தேன். கடிதத்தைச் சீலோடு வாங்கினேன். அவர்கள் காசு வாங்காமல் நின்று பார்ப்பார்கள் என்பதை அன்றும் நான் நம்பவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. இந்தப் பஜாரில் யார் நல்லவர் என்று தேடிப் பயனில்லை. ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு பேருக்கு நடுவில் பிள்ளைகளை நிறுத்தினால், ரெண்டு பேராலும் ஏமாற்ற முடியாது.

கடிதத்தை வியாபாரி முன் வைத்தேன். படித்தார். மறுபடி படித்தார். இந்தத் தடவை சாயா வரவில்லை.

"சாக்கைத் தொடாத குட்டிகளை வெச்சு நான் என்ன பண்றது?"

"குத்தூசி போட்டுச் சாம்பிள் எடுக்கட்டும். ஈரப்பதம் பார்க்கட்டும். தரம் பிரிக்கட்டும். கன்டெய்னர் காகிதம் எழுதட்டும். அதைக் கத்துக்கத்தானே வர்றாங்க?"

"அதுக்கு இருபது பேர் எதுக்கு?"

"அதைத்தான் அன்னைக்கே நானும் கேட்டேன்."

வேண்டாம் என்று அவரால் சொல்லவும் முடியவில்லை. வெளிநாட்டில் வாங்குபவர்கள் மிளகில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. பாதிச் சம்பளம் அரசுடையது என்பதும் அவர் கண்ணில் நின்றது. ரெண்டு பேர் போதும் என்றார். அதில் ஒருத்தி பெண் என்றேன். முகத்தைச் சுளித்தார். "கிடங்குல தூசி உண்டு. பெண்குட்டிக்குக் கஷ்டம்" என்றார். அவள் விடியுமுன் ஐஸ் தண்ணீரில் நிற்பவள், தூசி அவளை ஒன்றும் செய்யாது என்றேன். சம்பளம் நேராக அவரவர் வங்கிக் கணக்கில் விழ வேண்டும் என்றும் எழுதி வாங்கினேன்.

இருபது இரண்டானதில் பிரின்சிபலுக்கு என் மேல் கோபம். ரெண்டு வாரம் வணக்கம் சொன்னாலும் திரும்பிப் பார்க்கவில்லை. விண்ணப்பம் போனது. மழைக்காலம் முழுக்கப் பதில் இல்லை. அந்தப் பெண்ணின் அம்மா பரீச்சை முடிந்ததும் அவளை ஷெட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒப்புதல் வந்த அன்று நானே தோப்பும்படிக்குப் போனேன். ஷெட் வாசலில் இறால் ஓட்டுக் குவியலின் நாற்றத்தில் நின்றுகொண்டு, காசு நிஜம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்திக் கையைக்கூடக் கழுவவில்லை.

"வந்தா பார்ப்போம் டீச்சர்" என்றாள்.

இப்போது அந்தப் பெண் கிடங்கில் இருக்கிறாள். கூடப் போன பையன் வேலை போரடிக்கிறது என்று சீக்கிரமே நின்றுவிட்டான். இவள் நிற்கவில்லை. வகுப்பு முடிந்ததும் நானும் அடிக்கடி அந்தப் பக்கம் போய் நிற்கிறேன். வாசலில் ஒரு நீலச் சட்டை எப்போதும் இருக்கும். யாரிடமும் அவர் காசு கேட்டதாக இதுவரை தகவல் இல்லை. விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தள்ளுவண்டிகள் உறை பிரிக்காமல் அதே இடத்தில் நிற்கின்றன. வியாபாரி அவற்றை விற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

போன வாரம் போனபோது அங்கே அடுக்கியிருந்த சாக்கு ஒன்றில் அவள் குத்தூசியைச் சொருகி, கையில் விழுந்த மிளகைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் வெடிப்பெல்லாம் ஆறியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாசல்ல அந்தச் சேட்டன் நிக்கறார், இங்க நீங்க நிக்கறீங்க. உங்களுக்கும் நோக்குகூலி கொடுக்கணும் போல."

"சம்பளம் வந்துச்சா?"

"ரெண்டாவது மாசமும் வந்துச்சு டீச்சரே."

"அப்ப ஷெட்ல உன் பேசினை வேற யாருக்காவது கொடுத்தாச்சா?"

ஷெட்டில் ஒவ்வொருத்திக்கும் ஒரு பேசின் உண்டு. அது அங்கே இருக்கும்வரை அவளுடைய இடமும் அங்கே இருக்கும். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் வேலையை விட்டாயிற்று என்று பொருள்.

அவள் குத்தூசியைத் துணியால் துடைத்தாள். "இல்ல. அம்மா அதைக் கவுத்து வெச்சு மேல அவங்க செருப்பை வெச்சிருக்காங்க, யாரும் எடுத்துடக் கூடாதுன்னு. மூணாவது மாசமும் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க."

அந்த அம்மா இடத்தில் நான் இருந்தாலும் பேசினை எடுத்திருக்க மாட்டேன். மூன்றாவது மாதச் சம்பளம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று வியாபாரியிடம் கேட்க உள்ளே போனேன்.