மகேஸ்வரிக்கு நூற்றுக்கு நூறு

நேற்று பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய், எங்களோடு வேலை செய்யும் மகேஸ்வரியைப் பார்த்துவிட்டு வந்தேன். வலது கை முழுக்கக் கட்டு. இந்த வாரம் வேறு எதுவும் எழுத ஓடவில்லை... அதனால் இதையே எழுதுகிறேன்.

நான் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிளாக்கர் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு லிங்க் வந்தது. மின்சாரப் பாதுகாப்புப் பயிற்சி — ஆன்லைனில். வீடியோ பார்க்க வேண்டும், கேள்விக்குப் பதில் தர வேண்டும், சான்றிதழ் வரும். எல்லாருக்கும் கட்டாயம். வெள்ளிக்கிழமைக்குள்!

எல்லாரும் என்றால்? முப்பத்திரண்டு பேர். பாதிப் பேரிடம் பட்டன் போன். தொழிற்சாலைக்குள் சிக்னல் கிடையாது. மேலே கோயில் வளைவில் நின்றால்தான் இரண்டு கோடு காட்டும். கொழுந்து வந்து குவிகிற நேரத்தில் யாரை அங்கே அனுப்புவது?

"நீங்களே போட்டு விட்டுருங்க" என்றார் துரை, எங்கள் மேனேஜர்.

கோயில் வளைவில் நின்று போட்டுவிட்டேன். ஒரே போன், முப்பத்திரண்டு பெயர், மழைக்கு ஒரு குடை. ஐந்தாறு பெயருக்கு மேல் நான் கேள்வியைக்கூடப் படிக்கவில்லை, விரல் தானாகப் போய் அழுத்தியது. எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு. துரை கை குலுக்கினார். இருந்த அலுப்பில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

இந்தத் திங்கட்கிழமை, கொழுந்து வாட்டும் மாடியில் ஃபேன் சுவிட்சைத் தொட்ட ராமையாவைக் கரண்ட் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த மகேஸ்வரி ஓடிப்போய் வெறுங்கையால் அவரை இழுத்திருக்கிறார். இவரையும் பிடித்துவிட்டது. ஃபிட்டர் ஓடிப்போய் மெயினை நிறுத்தியதால் இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

கட்டிலருகே நின்றேன். மகேஸ்வரியே ஆரம்பித்தார்.

"ஐயா, நா பாஸுன்னு சொன்னாங்களே... ஆளக் கரண்டு புடிச்சா என்னா செய்யணும்னு அதுல கேட்டிருந்தாங்களாங்க?"

"கேட்டிருந்தாங்க."

"எனக்கு என்னா பதில் போட்டீங்க?"

"ஆளத் தொடக் கூடாது, மொதல்ல மெயின் சுவிட்ச நிப்பாட்டணும்னு..."

கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. கைக்கட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"அந்த மெயின் சுவிட்சு எங்கங்க இருக்கு?"

பதினெட்டு வருஷமாக அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எனக்கும் தெரியாது — முப்பத்திரண்டு தடவை பாஸ் பண்ணியவன்!