காற்றுக்கு ஆறாம் எண் கோல்

ஆறாம் எண் கோலே போதும் என்று நான் சொன்னது பொய். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னேன். அதனால் ஒருவருடைய மனைவியும் மகளும் மூன்று ஆண்டுகள் கடலுக்கு அந்தப் பக்கமே இருக்கும்படி ஆயிற்று.

அறுபதுகளின் நடுப்பகுதி. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் நாங்கள் இருவரும் கிளார்க்குகள். அவர் நாகப்பட்டினத்துக்காரர், என்னைவிட மூத்தவர். நான் ‘அண்ணே’ என்பேன். மீன், முட்டை தொடாதவன் என்பதால் அவர் என்னை ‘சைவம்’ என்றே கூப்பிடுவார். சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் அவர் மீன் தலையைப் பிரிப்பதும் நான் மோர் ஊற்றிக்கொள்வதும் ஒரே மேசையில்தான்.

சீஃப் கிளார்க் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தது. அந்தப் பதவியோடு ஒரு குவார்ட்டர்ஸும் உண்டு. நானும் மனைவியும் பஃபலோ ரோட்டில் ஓர் அறையில் இருந்தோம். அவரோ கைக்குழந்தையையும் மனைவியையும் ஊரில் விட்டுவிட்டு, குறட்டை விடும் ஆண்கள் நிறைந்த ஒரு மாடியில் பாய் போட்டிருந்தார்.

“வேலை மட்டும் கெடைக்கட்டும் சைவம், அடுத்த கப்பல்லயே ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடுவேன்” என்பார்.

எங்கள் மேனேஜருக்கு மீன்பிடிப்பதில் பைத்தியம். ஆகவே அலுவலகத்தில் ஒருவனுடைய திறமை மீனைப் பற்றி அவன் காட்டும் ஆர்வத்தைக் கொண்டு அளக்கப்பட்டது. படகைக் கண்டாலே வாந்தி எடுக்கும் கணக்கர்கூடத் திங்கட்கிழமை காலை, “நேற்று கடித்ததா சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். நான் ஒரு படி மேலே போய், நூலகத்தில் இருந்த மீன்பிடிப் பத்திரிகைகளையெல்லாம் வரி விடாமல் படித்தேன். மீனைத் தட்டில்கூட அனுமதிக்காத நான், அந்தக் கட்டடத்தில் மீன்பிடி நிபுணன் ஆனேன்.

மேனேஜர் கையாண்டது ஃபிளை ராட் என்னும் கோல். அதில் இரையும் இல்லை, ஈயமும் இல்லை. இறகு கட்டிய ஒரு முள். நூலின் கனத்தைக் கொண்டே அதை வீச வேண்டும். அவர் ஊர் ஆற்றில் சரி. இங்கே சாங்கிக் கடலில் வடகிழக்குக் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் அண்ணனை அழைத்தார். கடற்கரைக்காரர்தானே, ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு ஏற்ற கோலாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவாரும் என்றார். சரியான கோலைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு ஓர் அலுவலகத்தை நடத்தவும் தெரியும் என்று சேர்த்துக்கொண்டார். பதவி யாருக்கு என்பது அந்த நிமிடமே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மீன்பிடிச் சாமான் கடைக்காரர், ஏற்றதை வைத்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு கோல்களைக் கொடுத்தனுப்பினார். ஒன்றில் ஆறு என்றும் மற்றதில் பத்து என்றும் எழுதியிருந்தது. அண்ணன் வலையும் கைநூலும் அறிந்தவர். கோழி இறகை மீன் ஏன் தின்ன வேண்டும் என்பதே அவருக்குப் புரியவில்லை. எண் என்றால் எடையாகத்தான் இருக்கும் என்று, தெரிந்த நகைக்கடைத் தராசுக்கு இரண்டையும் எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். கோல் கடையைவிட நீளம். முனை வாசலில் போன சைக்கிள்காரரைத் தட்டியது.

“என்ன, இதுக்கும் செய்கூலி சேதாரம் உண்டா?” என்றார் பத்தர்.

நிறுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“நீதானே படிச்சவன். எது லா?” என்று இந்த ஊர் ‘லா’வோடு கேட்டார்.

எனக்குத் தெரியும். அந்த எண் கோலின் எடை அல்ல. அது தாங்கி வீசக்கூடிய நூலின் கனம். மெல்லிய நூலைக் காற்று முகத்திலேயே திருப்பி அடிக்கும். கடலுக்குப் பத்துதான்.

“ஆறு” என்றேன்.

“காத்து அடிக்குமே? பெருசு வேணாமா?”

“பெருசா இருந்தா காத்து அதைத்தான் பிடிக்கும் அண்ணே. மெலிசா இருந்தா ஏமாந்து போயிடும்.”

பத்தரும் ஆமோதித்துத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை படகில் மேனேஜர் எழுந்து நின்று வீசினார். நூல் போன வழியே திரும்பி வந்தது. இறகு கட்டிய முள் அவர் காது மடலில் குத்திக்கொண்டு, சிவப்பாக, நகை போட்டதுபோல் ஆடியது. அவர் கத்தவில்லை. அண்ணனைப் பார்த்து “நன்றி” என்றார். அடுத்த வாரம் நான் சீஃப் கிளார்க்.

குவார்ட்டர்ஸில் இரண்டு அறைகள். ஒன்றில் நாங்கள் படுத்தோம். மற்றதில் என் மனைவி வடகம் காய வைத்தாள்.

வெள்ளைக்காரப் படைகள் கிளம்பப்போகின்றன என்ற பேச்சு வந்த காலத்தில் மேனேஜரும் ஊர் திரும்பத் தயாரானார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காதைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நண்பனுடைய தவற்றைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் இப்படியொரு கிளார்க்கைத் தாம் கண்டதில்லையாம். நான் மறுக்க மறுக்க என் பெருந்தன்மை கூடிக்கொண்டே போனது. கடைசியில், தாம் பிறகு வாங்கி வைத்திருந்த பத்தாம் எண் கோலை எனக்குப் பரிசாகக் கொடுத்தார்.

அன்று சாப்பாட்டுக் கடையில் அந்தக் கோலை அண்ணன் பக்கம் நகர்த்தி, அவரிடமும் சொன்னேன். அவர் மீன் தலையைப் பிரிப்பதை நிறுத்தவில்லை.

“வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கு அண்ணே. அவங்களைக் கூட்டிட்டு வந்துடுங்க.”

“மூணு வருசமா அது காலின்னு ஒனக்குத் தெரியலியா?”

அவர் கையைக் கழுவிவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டு போனார்.

தஞ்சோங் பகாரில் கப்பல் வந்தது. குழந்தை நடக்கிற குழந்தையாக இறங்கியது. தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, இருவரையுமே ‘மாமா’ என்றது. அண்ணன் சிரிக்கப் பார்த்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அந்த வார்த்தைக்கு ஈடாக என்னால் எந்த அறையையும் காலி செய்து கொடுக்க முடியாது.

வீடு இரண்டு குடும்பத்துக்கும் போதுமானதாக இருந்தது. அடுப்படிதான் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் சாங்கிக்குப் போவார். பத்தாம் எண் கோல் காற்றுக்கு நன்றாகவே நின்றது. மாலையில் அடுப்படியில் எண்ணெய் காயும். முதல் வாரம் என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, எந்தப் பாவத்துக்கு இது என்று கேட்டாள். சொன்னேன். மூக்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, “அப்போ அடுப்படிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தாதீங்க” என்றாள்.

அண்ணன் என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கரண்டியோடு அடுப்படி வாசற்படியில் வந்து நிற்பார்.

“வாசனை தூக்குதா சைவம்?”

“இல்லண்ணே.”

“பொய் சொல்லாத லா.”

“தூக்குதுண்ணே.”

“ஆங்” என்று சொல்லிவிட்டு, மீனைத் திருப்பிப் போட உள்ளே போவார்.