பிளாக் நம்பர் கேட்ட ஆபீசர்

ஸ்கூல் ரவுண்டானாவுல ஸ்பீடு பிரேக்கர் போடலாமான்னு எங்க சொரங்கக் கம்பெனி டவுன்ஷிப்ல கருத்து கேக்கற கூட்டம் வச்சாங்க. அங்க ரெஜிஸ்டரோட உக்காந்திருந்த ஆபீசர் மாதிரி கடுப்பேத்தற ஆள நான் பாத்ததே இல்ல. சட்டப் பையில மூணு பேனா, மூஞ்சில துளி சிரிப்பு கெடயாது. யார் வாயத் தொறந்தாலும் "எந்த பிளாக்? குவார்ட்டர்ஸ் நம்பர்?"தான். கம்பெனி வூட்டு நம்பரோட ரெஜிஸ்டர்ல ஏறினாதான் நம்ம பேச்சு மேலிடத்துக்குப் போவுமாம்.

பக்கத்து ஊர்லேர்ந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வர்ற அக்கா ஒருத்தங்க எழுந்தாங்க. அந்த ரவுண்டானாவுல லாரி இடிச்சு அவங்க பொண்ணுக்குக் கால் ஒடஞ்சிருந்துச்சு.

"குவார்ட்டர்ஸ் இல்லன்னா எழுத முடியாதும்மா."

"எம்பொண்ணு ரோட்டுலதான சார் அடிபட்டா, குவார்ட்டர்ஸ்லயா?"

எனக்கு வெறி ஏறிடுச்சு. "எங்க வூட்டு நம்பர்ல எழுதுங்க சார்!"

"குவார்ட்டர்ஸ் உங்கப்பா பேர்ல இருக்கும். அவருதான் கையெழுத்து போடணும்."

"அவரு மைன்ஸ்ல இருக்காரு. ஷிஃப்ட் முடிய ரெண்டு மணி ஆவும்."

"வரட்டும்."

கூட்டம் பன்னெண்டுக்கே முடிஞ்சு ஷாமியானாவக் கூட பிரிச்சுட்டாங்க. அந்தாளு மட்டும் சோறு தண்ணி இல்லாம, ரெஜிஸ்டர மடியில வச்சுக்கினு வெயில்ல உக்காந்திருந்தாரு. அப்பா வந்து கையெழுத்து போட்டதும், அக்கா சொன்னத ஒரு வார்த்த வுடாம எழுதினாரு.

இத அப்பவே எழுதித் தொலைக்கறதுக்கு என்னய்யா? இன்னிக்கும் அந்தாள நெனச்சா பத்திக்கினு வருது. ஆனா திட்ட மட்டும் வாய் வர மாட்டேங்குது.