வெள்ளம் நின்ற கிழமை

நான் ஏழு வயதில் இரண்டாம் ஆண்டு படிக்கையில், ஒரு மாரியில் மழை விடாமல் பெய்து, வாவி பெருகி, கிரான் பக்கத்து வயல் வட்டை முழுக்க வெள்ளம் ஏறிவிட்டது. வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. எங்கள் நெற்பயிர் அப்போதுதான் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. தண்ணீருக்குள் கன நாள் கிடந்தால் அழுகிப்போகும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட்டால்தான் தப்பும். எப்போது வெட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கோ பள்ளிக்கூடம் பூட்டியதில் பெரிய சந்தோசம். வாழைத் தண்டுகளைக் கட்டித் தெப்பம் விட்டோம். உடுக்கிற சாரனை விரித்து மீன் பிடித்தோம். காலையில் இறங்கினால் உடனே அம்மா சோற்றுக்குக் கூப்பிடுவா. சோறு தின்று வந்தால் உடனே இருட்டிவிடும்.

அப்பா வெள்ளத்தின் ஓரத்தில் ஒரு கம்பை நட்டுவைத்து, அதைப் பார்ப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். பார்த்துவிட்டு வந்து குந்துவார். திரும்ப எழும்பிப் போவார்.

“இப்பதானே பாத்திட்டு வந்தீங்க,” என்பா அம்மா.

“இப்பயா? எவ்வளவு நேரமாச்சு!”

“நான் வாயில போட்ட வெத்திலைய இன்னும் துப்பல்ல. நீங்க முறைச்சுப் பாத்தா தண்ணி பயந்து ஓடுமாக்கும்.”

சொல்லிவிட்டு அம்மாவும் பின்னால் போய்ப் பார்ப்பா.

ஒரு விடியலில், தண்ணீர் இறங்கிய ஈரத் தடம் கம்பில் தெரிந்தது. முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்களாம். மேட்டுப் பக்கத்துப் பயிர் சேறு பூசிக்கொண்டு எழும்பி நின்றது. பள்ளத்தில் கிடந்தது போயே போய்விட்டது. றோட்டுத் திறந்ததும் வாகரையிலிருந்து மாமா ஓடிவந்தார்.

“எத்தின நாள் மச்சான் தண்ணி நிண்டது?”

“ஒரு மாசம் நிண்டிருக்கும்,” என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

“இல்ல மாமா, ஒரு கிழமைதான்! ஏழே நாள்!”

“வீட்டுக்குள்ளயே ஒரு கணக்கப்பிள்ளை!” என்று மாமா சிரித்தார். அப்பா கோபிக்கவில்லை.

“அவன் படிக்கிறவன். அவன் சொல்றதுதான் சரியா இருக்கும்.”

அப்பாவுக்கு நாள் எண்ணத் தெரியாது என்று எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. அன்று பின்னேரமே அவரை முற்றத்தில் இருத்தி ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று சொல்லிக்கொடுத்தேன். வயலைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். சனி வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“அவ்வளவுதானா மனே?”

“அவ்வளவுதான் அப்பா.”

இவ்வளவு சின்னக் கணக்கு இவருக்கு எப்படிப் பிழையாய்ப் போனது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.